ஆற்றுத் துறைகளும் பாலங்களும்: சங்க அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

திருமழபாடி கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள சிவஸ்தலம். தென்கரைக்கு அப்பால் இருப்பது திருவையாறு. பங்குனி மாதத்தில் திருமழபாடியில் நடைபெறும் நந்தியெம்பெருமான் திருமணத்திற்குத் திருவையாற்றிலிருந்து சுவாமி எழுந்தருள்வதும், ஜனங்கள் உடன் வருவதும் நெடுநாளைய மரபு. அம்மாதத்தில் ஆறு பெரும்பாலும் மணற்பரப்பாகவே காணப்படும். ஆடி, ஆவணியில் வெள்ளம் வந்துவிட்டாலோ, அதே ஆறு இரு கரைகளையும் அடியோடு பிரித்துவிடும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவர்களே ஆற்றை அச்சமின்றிக் கடக்க வல்லவராவர்.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியினின்று கொள்ளிடம் பிரிகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்திருந்தமையால் நீர் அதிலேயே மிகுதியாகப் பாய, காவிரி தூர்ந்து வந்தது. இதனைத் தடுக்கும் பொருட்டு 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் இஞ்சினீயரின் ஏற்பாட்டால் மேலணை கட்டப்பட்டது. பின்னர் 1934இல் மேட்டூர் அணையும் முடிவுற்றது. அதுமுதல் பாசன நீர் காவிரிக்கும், மிகுதியான வெள்ளநீர் கொள்ளிடத்திற்கும் செல்கின்றது. ஆதலின், குடகுநாட்டில் பெய்யும் மழையால் மேட்டூர் நிரம்பி வழியும்போது, திருமழபாடியில் ஒரு துளி மழையும் இல்லாத தெளிந்த நாளிலும் வெள்ளம் வந்து சேரும். வானத்தைப் பார்த்து ஆற்றில் இறங்குதல் தகாது. முக்கொம்பின் செய்தியைக் கேட்டே இறங்குதல் வேண்டும்.

கடக்கும் சாதனங்கள் பலவகை. வாய்க்கால்களின்மேல் பனைமரத்தைக் கிடத்தி நடப்பது மிக எளியது. பேராறுகளில் ஓடமும் பரிசலும் வழங்கின. ஓடத்துறைகளையும் அவற்றில் வாங்கும் கட்டணத்தையும் ஒழுங்குபடுத்த 1890இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றப்பட்டது. இவற்றினும் சிறந்த சௌகரியம் பாலமே. எனினும், பாலம் கட்டி முடிந்தவுடன் கவலையும் முடிந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு.

பாலம் பெரும்பாலும் மேலிருந்து வரும் பாரத்தால் விழுவதில்லை, கீழிருந்தே விழுகின்றது. ஓடும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கிச் சுழன்று, அடியிலுள்ள மணலை வாரிக்கொண்டு போகும். வெள்ளம் வடியும்போது அக்குழியில் புதுமணல் படிந்து மூடிக்கொள்ளும். மேலே பார்ப்பவர்க்கு யாதொரு குறையும் தோன்றாது. அஸ்திவாரமோ இறுக்கமற்ற மணலில் நிற்கும்.

இதன் பலனை நம் பக்கத்தார் கண்டிருக்கின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே வெள்ளத்தால் சேதமுற்ற மருதையாற்று ரெயில் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரெயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை இராஜிநாமாச் செய்தார். திருச்சிராப்பள்ளியில் 1928இல் கட்டிய கொள்ளிடப் பாலம், 2016இல் புதிய பாலம் திறந்தபின் வண்டிகளுக்கு மூடப்பட்டு, நடப்போர்க்கு மட்டும் பயன்பட்டு வந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி வீழ்ந்தது. வண்டிகளின் பாரம் நீங்கி இரண்டாண்டுகள் ஆகியும் அது தப்பவில்லை என்பதை அங்கத்தினர்கள் கவனித்தல் வேண்டும்.

ஆகவே சங்கத்தார் செய்யத்தக்கவை நான்கு. வெள்ள அறிவிப்பைக் கிராம அதிகாரியிடம் கேட்டறிந்து, அன்றே தண்டோராவால் தெரிவித்தல். ஓடத்தில் அளவுக்கு மிஞ்சி ஆளும் மூட்டையும் ஏற்றாதிருத்தல். பாலத்தினருகே மணல் எடுக்க ஒருவரையும் விடாதிருத்தல். ஒரு வண்டி மணலால் வரும் ஆதாயம் சிறிது, ஒரு தூண் போனால் வரும் நஷ்டம் ஊர் முழுவதற்கும் உரியது. வெள்ளம் வடிந்தவுடன் தூணின் சாய்வு, வெடிப்பு, அடியிலுள்ள மடு ஆகியவற்றைப் பார்த்து அதிகாரிகளுக்கு எழுதுதல்.

இவற்றையெல்லாம் ஒரு புத்தகத்தில் தேதியுடன் குறித்து வைத்தல் நலம். இராஜராஜ சோழன் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகள் முதலில் புத்தகத்தில் எழுதிக்கொள்ளப்பட்டன; இராஜேந்திரன் காலத்தில் மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. பொதுச்சொத்தைக் காப்பதில் கணக்குக்குள்ள இடத்தை இவ்வூரே கற்பித்திருக்கின்றது.

கூட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்:
1. மழையில்லாத நாளில் கொள்ளிடத்தில் வெள்ளம் வருவது எவ்வாறு?
2. வெள்ளம் வடிந்தபின் பாலத்தின் பலவீனம் கண்ணுக்குப் புலப்படாதது ஏன்?
3. நம் ஊர்த் துறையையும் பாலத்தையும் பார்வையிடும் பொறுப்பை ஏற்பவர் யாவர்?