பாணர் ஏந்திய தூரிகை

தருமபுரியினின்று கிருட்டிணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காரிமங்கலம் என்னும் ஊர் அமைந்துள்ளது. இவ்வூரைத் தன்னகத்துக் கொண்ட நிலப்பகுதி பண்டைக்காலத்தில் தகடூர் நாடு எனப் பெயர் பெற்றிருந்தது. தகடூர் என்பதே இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலை நாடி, பாணரும் விறலியரும் புலவரும் மலையும் காடும் கடந்து இந்நாட்டிற்கு வந்தனர். யாழ் மீட்டிப் பாடினர். உணவும் உடையும் பொன்னும் பெற்று மீண்டனர். வள்ளல்கள் மறைந்தபின் பாணர் மரபும் படிப்படியே மறைந்தது. அவர்கள் கையிலிருந்த யாழ் எவ்வாறு இருந்தது என்பதை இன்று நூல்களையும் சிற்பங்களையும் கொண்டே ஆராய்ந்து அறிய வேண்டியுள்ளது.

புரப்பார் இல்லாதபோது பாட்டு என்னாகும்? தமிழ்ப் பாணர்க்கு அன்று நேர்ந்த இடர், சென்ற நூற்றாண்டில் நடு இந்தியாவில் மற்றொரு பாடற்குடிக்கும் நேர்ந்தது. அக்குடியினர் தம் பாட்டை ஓவியமாக மாற்றிக் காத்துக்கொண்டனர்.

மத்தியப்பிரதேசத்தில் நருமதை தோன்றும் மலைகளைச் சார்ந்த காட்டுப்பகுதிகளில் கோண்டு மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்குரிய கோண்டி மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழிகளுள் ஒன்று. அவர்களுள் பர்தான் என்னும் பிரிவினர் பாடுதலையே தொழிலாகக் கொண்டவர். மூன்று நரம்புகளை உடையதும் வில்லால் இழைத்து இசைக்கப்படுவதுமான 'பானா' என்னும் கருவியை ஏந்தி, தம்மைப் புரந்த குடும்பங்களின் இல்லந்தோறும் அவர் செல்வர். குடியின் முன்னோர் வரலாற்றையும், சாஜா என்னும் மருத இன மரத்தில் உறையும் பெருந்தெய்வமாகிய படாதேவின் புகழையும் பாடுவர். தானியமும் கால்நடையும் பரிசிலாகப் பெறுவர். பானா, பாணன் என்னும் சொற்களின் ஒலியொப்புமையைக் கண்டு இரண்டும் ஒன்றே என முடிவுகட்டுதல் ஆராய்ச்சி முறையாகாது. ஆயினும் தொழிலின் ஒப்புமை வியக்கத்தக்கதே.

காலம் மாறிற்று. புரந்தவரே வறுமையுற்றனர், பாடுவோர் கூலிவேலைக்குச் செல்லலாயினர். பானாவின் ஒலி அருகிற்று. எனினும் கோண்டு மக்களின் மண்சுவர்களில் வேறொரு கலை உயிரோடிருந்தது. மகளிர் சுவரையும் தரையையும் மெழுகி, செம்மண், மஞ்சள் மண், வெண்களிமண், கரி ஆகியவற்றால் 'திக்னா' எனப்படும் கோலங்களை வரைந்துவந்தனர்.

1981-ஆம் ஆண்டில், போபால் நகரில் அமையவிருந்த பாரத் பவன் என்னும் கலைமன்றத்திற்காகச் சிற்றூர்க் கலைஞரைத் தேடிச் சிலர் புறப்பட்டனர். அவர்களை அனுப்பியவர் ஜெகதீஷ் சுவாமிநாதன் என்னும் ஓவியர். சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டன்கர் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த ஓவியம் அவர்கள் கண்ணைக் கவர்ந்தது. அதனை வரைந்தவர் இருபது வயதளவினரான ஜங்கர் சிங் ஷியாம் என்னும் பர்தான் இளைஞர். அவரைப் போபாலுக்கு அழைத்துச் சென்று தாளும் வண்ணமும் தந்தனர். மண்ணின் நிறங்களையே அறிந்திருந்த அவர், ஒளிமிக்க புதிய வண்ணங்களைத் தொட்டபோது உடல் சிலிர்த்தார் என்பர்.

அதுவரை அக்குடியினர் செவிவழியாகவே கேட்டிருந்த தெய்வங்களும் விலங்குகளும் அவர் கையால் கண்முன் தோன்றின. அவ்விலங்குகள் காட்டில் காணப்படும் விலங்குகளை அளவெடுத்து வரைந்தவை அல்ல. மானின் கொம்பு கிளைத்துக் கிளைத்து ஒரு மரமாகும். அம்மரத்தில் பறவைகள் அமர்ந்திருக்கும். பறவையின் தோகை இலைக்கொத்தாக விரியும். கனவில் ஒரு பொருள் மற்றொன்றாக மாறுவதைக் காண்பவர் வியப்பதில்லை, இவ்வோவியங்களும் அத்தகையனவே. ஆனால் இவை பொருளற்ற கனவுகள் அல்ல. மரத்தின் நிழலில் மான் தங்குகிறது. அதன் தழையைத் தின்று வளர்கிறது. இவ்வுறவை ஒரே உருவில் காட்ட விரும்பும் ஓவியர் மானின் தலையிலேயே மரத்தை நட்டுவிடுகிறார். தமிழகத்துக் கோயில் தூண்களில் சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளியைச் செதுக்கிய சிற்பியரும் கண்கண்ட விலங்கோடு நின்றுவிடவில்லை. ஆயினும் யாளியைக் காண்பார்க்கு அச்சம் தோன்றும். கோண்டு மானைக் காண்பார்க்கு அன்பு தோன்றும்.

இனி, இவ்வோவியங்களின் உயிர்நிலையாகிய நுண்கோலத்தைக் காண்போம். முதலில் விலங்கின் புறக்கோடு வரையப்படும். பின்னர் அதனுள் வண்ணம் நிரப்பப்படும். அதன்பின் உடல் முழுவதும் நுண்ணிய புள்ளிகளாலும் சிறு கோடுகளாலும், மீனின் செதில், நீர்த்துளி, விதை போன்ற வடிவங்களாலும் நிறைக்கப்படும். ஓவியர் ஒவ்வொருவர்க்கும் தமக்கேயுரிய நுண்கோலம் ஒன்றுண்டு. கையெழுத்தைக் கண்டு எழுதியவரை அறிவதுபோல, அதனைக் கண்டே வரைந்தவரை அறியலாம். பிறர் கோலத்தைத் தமதாக்கிக் கொள்ளுதல் அவர்களிடையே பெருமையாகாது.

காரிமங்கலத்துத் தெருக்களில் மார்கழித் திங்களில் மகளிர் இடும் கோலத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் இனிது. புள்ளிக் கோலத்தில் முதலில் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அவற்றை வளைத்தும் இணைத்தும் கோடு செல்ல, மயிலோ அன்னமோ பிறக்கும். அங்குப் புள்ளி முன்னும் உருவம் பின்னுமாம். கோண்டு ஓவியத்திலோ உருவம் முன்னே தோன்ற, புள்ளி பின்னே வந்து அதற்குத் துடிப்பை ஊட்டுகிறது. வண்ணம் மட்டும் பூசிய மான் நிற்கும். புள்ளி இட்ட மான் ஓடும்.

ஜங்கரின் புகழ் விரைந்து பரவிற்று. 1989-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. போபாலில் எழுந்த சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களிலும் அவர் வரைந்தார். ஆனால் 2001-ஆம் ஆண்டில், ஓவியம் தீட்டுவதற்காக ஜப்பான் சென்றிருந்தவர், நாற்பது வயதளவிலேயே அங்கு உயிர் நீத்தார். பாணர் மரபு ஒருவரோடு முடிந்திருக்க வேண்டிய நேரம் அது, முடியவில்லை. அவர் தம் ஊரினின்று உறவினர் பலரை வரவழைத்துத் தம் வீட்டிலேயே பயிற்றியிருந்தார். அம்மரபு இன்று 'ஜங்கர் கலம்' எனப்படுகிறது. தமிழில் கலம் என்பது உண்கலத்தையும் அணிகலத்தையும் குறிக்கும்; இந்தியில் அச்சொல் எழுதுகோலைக் குறிக்கும்.

அவரிடம் பயின்றோருள் ஒருவர் பஜ்ஜு ஷியாம். போபாலில் இரவுக் காவலராகவும் மின்பணியாளராகவும் உழைத்தவர். ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட இலண்டன் சென்று இரண்டு திங்கள் தங்கினார். அம்மாநகரம் அவர் கண்ணுக்குக் காடாகவே தோன்றிற்று. நிலத்தடியில் ஓடும் இரயில் வண்டியை மண்புழுவாக வரைந்தார். நாள்தோறும் தவறாது வந்து தம்மை ஏற்றிச் சென்ற 30-ஆம் எண் பேருந்து நன்றியுள்ள நாயாயிற்று. புகழ்பெற்ற மணிக்கூண்டு சேவலோடு ஒன்றிற்று. இரண்டும் பொழுதை அறிவிப்பவை அல்லவா! தாம் ஏறிச் சென்ற வானூர்தியைச் சிறகு முளைத்த யானையாக்கினார். அத்துணைப் பெரும்பொருள் பறப்பது யானை பறப்பதற்கு நிகர் எனக் கருதினார் போலும். இவ்வோவியங்களைச் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2004-ஆம் ஆண்டில் 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்னும் நூலாக வெளியிட்டது. 2018-ஆம் ஆண்டில் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய மூவரும் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்னும் நூலும் 2006-ஆம் ஆண்டில் அதே பதிப்பகத்தினின்று வெளிவந்தது. பகலில் நிழலும் உணவும் தந்து உழைக்கும் மரங்கள் இரவில் தம் மெய்யுருவைக் காட்டும் என்னும் கோண்டு நம்பிக்கையே அதன் பொருள். 2008-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் அந்நூல் பரிசு பெற்றது. அதனை அச்சிட்டவர் சென்னைத் தொழிலாளர். கையால் செய்த கருநிறத் தாளைப் பரப்பி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணித்திரையை அதன்மேல் வைத்து, மையை அழுத்தித் தேய்ப்பர். ஒரு வண்ணத்திற்கு ஒரு திரை. ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்தது. பின்னர் ஏடுகளை நூலால் தைத்து, படி ஒவ்வொன்றிலும் அதற்குரிய எண்ணைக் கையாலேயே எழுதுவர்.