பின்பலகையில் ஒரு துளை

படகுக்கு அடியில் நீர் எவ்வளவு ஆழம் என்பதை ஒலியைக் கொண்டே அளக்கலாம். பின்பலகையில், நீருக்குள் இருக்குமாறு பொருத்திய 'டிரான்ஸ்டியூசர்' மின்துடிப்பை ஒலியாக்கிக் கீழே அனுப்புகிறது. எதிரொலியை மீண்டும் மின்துடிப்பாக்குகிறது. கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லும். எதிரொலி 0.02 வினாடியில் வந்தால், ஒலி சென்று திரும்பிய தூரம் 30 மீட்டர். ஆழம் அதில் பாதி, 15 மீட்டர்.

இத்துடிப்புகளைச் சுமக்கும் கேபிளைப் படகுக்குள் கொண்டுவரப் பின்பலகையில் துளையிட வேண்டும். எங்கே இடுவீர்கள்? நீருக்கு அடியிலேயே இட்டால் கேபிள் மிச்சமாகுமே என்று தோன்றலாம். ஆனால் நீர்மட்டத்திற்கு 20 செ.மீ. கீழே, 2 செ.மீ. விட்டமுள்ள துளை திறந்துகொண்டால், நிமிடத்திற்கு 20 லிட்டருக்கு மேல் நீர் உள்ளே பாயும்! ஆகவே துளை நீர்மட்டத்திற்கு நன்கு மேலே இருக்க வேண்டும்.

அங்கும் அலைத்துளி தெறிக்கும். எனவே துளையின் உட்சுவரிலும் நீர்புகாப் பசை பூசுவது அவசியம். ஏனெனில் பல கண்ணாடியிழைப் படகுகளின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை உண்டு. அதன் நுண்துளைகளில் நீர் ஊறினால், வெளியே தெரியாமலே பலகை இற்றுப்போகும். பிறகு அதில் மாட்டிய எஞ்சினை எது தாங்கும்?

எதிரொலி 0.05 வினாடியில் வந்தால் ஆழம் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்.