தெள்ளுப்பூச்சி தரையில்தான் இருக்கிறது

அம்பத்தூர் பக்கத்துத் தனி வீடுகளில், அதுவும் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். வண்டி நிறுத்துகிற இடத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ ஏதாவது ஒரு தெருப்பூனை வந்து குட்டி போடும். யாரும் விரட்ட மாட்டோம். கொஞ்சம் சோறு, மீன் வாங்கிய நாளில் மீன் தலை என்று வைப்போம். குட்டிகள் கண் திறந்து ஓடியாட ஆரம்பித்ததும் தாய் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விடும். வெங்கடாபுரத்தில் எங்கள் வீட்டில் கடி ஆரம்பித்தது, அவை போன பிறகுதான். முதலில் என் மகளுக்கு. கணுக்காலைச் சுற்றி மூன்று நான்கு சிவப்புப் புள்ளிகள், அடுத்தடுத்து. "கொசுவா இருக்கும்" என்றார் மாமியார். கொசு கை, முகம் என்று பார்க்காமல் கடிக்கும். இதுவோ முழங்காலுக்கு மேலே ஏறவே இல்லை.

பூனைகள் இருந்தவரை கடிக்காத பூச்சி, அவை போன பிறகு ஏன் கடிக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பூனை இருந்தவரை தெள்ளுப்பூச்சிக்குச் சாப்பாடு பூனையிடம் கிடைத்தது. பூனை போய்விட்டது. தரையில் கிடந்த முட்டைகளும் கூடுகளும் போகவில்லை. அவற்றிலிருந்து பசியோடு வெளியே வருகிற பூச்சிக்கு எட்டுகிற முதல் ரத்தம் நம் கணுக்கால். இந்தப் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஏறக்குறைய ஒரு சாண் உயரம்தான் எம்பும். கடி காலோடு நிற்பது அதனால்தான்.

மருந்துக் கடைக்கு ஓடும் முன் வந்திருப்பது தெள்ளா உண்ணியா என்று பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் இரண்டையும் "உண்ணி" என்றே சொல்லிவிடுகிறோம். நாய் உண்ணி குதிக்காது. மெதுவாக ஊரும், சுவரில் ஏறி மூலையிலும் கதவு நிலையின் இடுக்கிலும் போய் ஒளியும். தெள்ளு கரும்பழுப்பு நிறம். பக்கவாட்டில் தட்டையாக இருக்கும், விரலில் அகப்படாமல் துள்ளிவிடும். வெள்ளை சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தேகப்படுகிற அறையில் கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். சாக்ஸில் கரும்புள்ளி துள்ளினால் தெள்ளுதான். இன்னொரு சோதனையும் உண்டு. பூனை படுத்த சாக்கைத் தட்டினால் மிளகுத்தூள் மாதிரி கரும்பொடி உதிரும். அதை நனைந்த வெள்ளைத் துணியில் போட்டுப் பாருங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். அது செரித்த ரத்தம். மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய வேட்டித் துண்டில் இதைச் செய்து பார்த்த பிறகு எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

தாய் எல்லாக் குட்டிகளையும் எடுத்துப் போகவில்லை. செம்பட்டை நிறக் குட்டி ஒன்று தங்கிவிட்டது, மகள் அதை விடவும் இல்லை. அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியிருந்தால் ரத்தசோகை. சின்னக் குட்டியைப் பல தெள்ளுகள் சேர்ந்து உறிஞ்சினால் உயிரே போகலாம் என்றார். பிறகு, "குட்டிக்கு நான் பாத்துக்கறேன். வீட்டுத் தரையை நீங்கதான்மா பாக்கணும்" என்றார்.

கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் உள்ள மொத்தத் தெள்ளில் வளர்ந்த பூச்சியாக விலங்கின் உடம்பில் இருப்பது நூற்றுக்கு ஐந்துதான். மீதி 95-ம் முட்டை, புழு, கூடு என்ற வடிவங்களில் தரையிலும் பாயிலும் மெத்தையிலும் கிடக்கும். பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முட்டை வரை இடும். முட்டையில் ஒட்டும் தன்மை இல்லாததால் பூனை படுக்கிற இடத்திலெல்லாம் உதிரும். பொரிந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்கில் புகுந்து, தாய்ப்பூச்சி உதிர்க்கிற அந்தக் கரும்பொடியைத் தின்று வளரும். பிறகு தன்னைச் சுற்றிப் பட்டு நூல் போலப் பின்னி, அதன் மேல் தூசியை ஒட்டிக்கொண்டு கூடாகிவிடும். கூட்டுக்குள் எந்த மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. உள்ளே பூச்சி வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால்தான் வெளியே வரும்.

சென்னையின் ஈரக்காற்று இந்தப் புழுவுக்கு மிகவும் பிடித்தது. வறண்ட இடத்தில் அது காய்ந்து செத்துப்போகும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் சுவரே ஓதம் காத்துக் கிடக்கும், கேட்க வேண்டுமா!

ஆகவே எங்கள் வீட்டில் வேலை தூசியிலிருந்து ஆரம்பித்தது. வாக்குவம் கிளீனரை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினோம். பலர் நம்பாத இந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர்கள் 2007-இல் சோதித்துப் பார்த்தார்கள். வாக்குவம் உறிஞ்சிய வளர்ந்த தெள்ளுகளில் 96 சதவீதம் செத்துவிட்டன, புழுவும் கூடும் மொத்தமாகவே அழிந்தன. அதோடு அதன் அதிர்வு, கூட்டில் காத்திருப்பதையும் வெளியே கிளப்பும். கட்டில் அடி, பீரோ அடி, சோபாவின் மடிப்பு, கதவு நிலையும் தரையும் சேருகிற விளிம்பு, செருப்பு ஸ்டாண்டின் பின்பக்கம் ஆகியவைதான் முக்கியமான இடங்கள். கூடத்தின் நடுவை எத்தனை முறை தேய்த்தாலும் பயன் குறைவு. சேர்ந்த தூசியை அப்போதே வாசலுக்குக் கொண்டுபோய் பாலித்தீன் பையில் கொட்டி, இறுக முடிந்து குப்பை வண்டியில் போட்டுவிட வேண்டும்.

எங்கள் வீடு பழைய மொசைக் தரை. சில இடங்களில் பெயர்ந்து கோடுகோடாக விரிசல். அங்கே வாக்குவத்தின் மெல்லிய முனைகூட நுழையவில்லை. கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு நீரைக் கலந்து விரிசலில் ஊற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்தோம். சோப்பு நீரில் தெள்ளு மிதக்க முடியாமல் மூழ்கிவிடும். மிதியடி, போர்வை, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் ஊறி, பிறகு மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காய்ந்தன. கோரைப்பாயின் பின்னலுக்குள் புழு தங்கும், அதையும் தட்டி வெயிலில் போட வேண்டும். பூனை படுத்த சாக்கைத் துவைத்து வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். தெருவில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டி வைத்த மணல் குவியலும், நிழலில் மட்கிய இலைக் குப்பையும்கூட நாயும் பூனையும் படுக்கிற இடங்கள்தாம். எங்கள் காம்பவுண்டு ஓரத்தில் இருந்ததைக் கூட்டி அள்ளினோம்.

மருந்து விஷயத்தில்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். எதிர்வீட்டு அக்கா அன்பாகத்தான் சொன்னார்: "கெமாக்சின் பவுடர் வாங்கி மூலைக்கு மூலை தூவி விடும்மா, ஒண்ணு மிஞ்சாது." நான், "குழந்தை தரையில உக்காந்து எழுதுறா, பூனைக்குட்டி காலை நக்குது, வேண்டாங்க்கா" என்றேன். அந்தக் காலத்துக் கெமாக்சின் பி.எச்.சி. என்ற ரசாயனம். இந்தியாவில் அது 1997-லேயே தடை செய்யப்பட்டது. அதே குடும்பத்து லிண்டேனைப் பயன்படுத்தவும் 2013 முதல் தடை. பூச்சி விரட்டப் பலரும் தெளித்துவந்த டைக்குளோர்வாஸுக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை. பழைய பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிற பொடியில் என்ன இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருக்காவிட்டால் அதைத் தொடவே கூடாது. வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் தெளிப்பதும் அப்படித்தான்.

வேறு சில கைவைத்தியங்களும் வந்து சேர்ந்தன. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், தோலையும் புண்ணாக்கும். பீனைல் தரையில் நடந்த பூனை காலை நக்கினால் பீனைல் அதன் வயிற்றுக்குள் போகிறது, அதன் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. கற்பூரம், அந்துருண்டை, நீலகிரித் தைலம் மூன்றுமே பூனைக்கு ஆகாதவை. அந்துருண்டையைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. உப்பைத் தூவச் சொல்கிறார்கள். நம் ஊர்க் காற்றில் அது நீர்த்து, தரையை இன்னும் ஈரமாக்கும். சாம்பிராணிப் புகை வீட்டுக்கு மணம் தரும், இடுக்கில் இருக்கிற கூட்டை ஒன்றும் செய்யாது.

தொல்லை முற்றியிருந்தால் ஆளைக் கூப்பிட்டு மருந்து அடிப்பதில் தவறில்லை. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அவர்களுக்கு உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். என்ன மருந்து என்று பெயர் கேட்டு எழுதி வாங்குங்கள். முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கிற மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், பைரிப்ராக்ஸிஃபென் அந்த வகை. வீட்டில் மீன் தொட்டி இருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் காற்று மோட்டாரை நிறுத்தி நன்றாக மூடிவிட வேண்டும். இந்த மருந்துகளில் பலவும் மீனுக்கு நஞ்சு. ஈரம் முழுக்கக் காய்ந்து, ஜன்னலைத் திறந்து காற்று போன பிறகே குழந்தைகளையும் விலங்குகளையும் உள்ளே விடலாம்.

குட்டிக்கு என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பெரும்பாலான சொட்டு மருந்துகள் கூடாது. பேன் சீப்புதான் கைகொடுத்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் சோப்பு நீர். வாலிலிருந்து கழுத்து வரை, பிறகு காதுக்குப் பின்னால் வாரி, சீப்பில் மாட்டியதை உடனே கிண்ணத்தில் முக்க வேண்டும், இல்லையென்றால் துள்ளிவிடும். குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடச் சொன்னார் மருத்துவர். உடம்பில் தண்ணீர் பட்டதும் தெள்ளுகள் முகத்துக்கு ஓடும், அந்த நுரை வளையம் அவற்றை மறிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு துண்டால் ஈரம் இல்லாமல் துவட்டல். குளிர்ந்துபோனால் குட்டி தாங்காது.

வயது வந்ததும் எடை பார்த்து, ஃபிப்ரோனிலும் மெத்தோப்ரீனும் சேர்ந்த பூனைச் சொட்டு மருந்தை நாக்கு எட்டாத பிடரியில் முடியை விலக்கி வைத்தார். முயல் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்: ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. தெள்ளை விழுங்குகிற பூனைக்கு நாடாப்புழுவும் வரும், வாலடியில் வெள்ளரி விதையளவில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதற்கும் சேர்த்து மாத்திரை கொடுத்தார். அம்பத்தூரிலிருந்து கொஞ்சம் தூரம்தான் என்றாலும், 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையிலும் இதற்கெல்லாம் பார்க்கிறார்கள்.

மருந்து வைத்த பூனையை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். அது நடக்கிற இடமெல்லாம் கூட்டிலிருந்து வருகிற தெள்ளு அதன் மேல் தாவும், தாவியது செத்துப்போகும். சாக்கில் கட்டிக்கொண்டுபோய் வேறு தெருவில் விட்டுவிட்டால் கடி முழுவதும் நமக்கு வரும். வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

எல்லாம் செய்து வீடு அமைதியான பிறகு திடீரென்று மறுபடி கடி வரும். எங்களுக்கும் வந்தது. மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து இன்னும் கடுமையான ஒன்றைத் தேடுகிறார்கள் பலர். அது கூட்டில் தூங்கிய மிச்சம், அவ்வளவுதான். அதே தூசி எடுப்பை, அதே வெந்நீர்த் துவைப்பைச் சில வாரங்கள் விடாமல் தொடர்ந்தால் அந்த அலை தானாக ஓயும். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை வேலைக்காக வாடகைக்கு வருகிற குடும்பங்கள் முதல் நாளே கடிபடுவதும் இதே காரணத்தால்தான். சாமான் இறக்கும் முன் ஒருமுறை வாக்குவம் போட்டு, சோப்பு நீரில் துடைத்துவிட்டுக் குடியேறுங்கள்.

கடித்த இடத்தைச் சொறியாமல் சோப்புப் போட்டுக் கழுவி, கேலமைன் தடவினால் போதும். தெள்ளு என்றதும் பிளேக்கை நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன, 1994 சூரத் பீதி நடுவயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்த நோயில் முக்கியப் பங்கு எலித் தெள்ளுக்கு. பூனை கடந்துபோன வீட்டில் அதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் தெள்ளு வழியாக ஒரு வகை டைஃபஸ் காய்ச்சல் வரலாம். கடிபட்ட இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பில் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் "வீட்டில் தெள்ளு இருந்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் எலியோ பெருச்சாளியோ இருந்தால் முதலில் தெள்ளை ஒழித்துவிட்டு அப்புறம் எலிக்கு மருந்து வையுங்கள். எலி செத்தால் அதன் தெள்ளு மனிதனைத் தேடி வரும்.

கடைசியாகப் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கிய மருந்தில் மிச்சம் இருக்கிறதென்று பூனைக்கு வைக்காதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கிற பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தெரியாமல் பட்டு, எச்சில் வடிந்து உடம்பு துடிக்க ஆரம்பித்தால், பாத்திர சோப்பால் உடனே கழுவித் துடைத்து, நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.