நாகதம்பிரானும் நம்மூர்ப் பாம்புகளும்

எமது ஊரில் வளவுக்குள் நல்லபாம்பைக் கண்டால், "நாகதம்பிரான் போறார், விலத்தி நில்லுங்கோ" என்றுதான் பெரியோர் கூறுவர். புடையனைக் கண்டாலோ அவர்களே தடி தேடுவர். இவ்விரண்டையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சில குறிப்புகளை இம்மலரில் தர விரும்புகின்றேன்.

ஈழத்தின் வடபால் நாக வழிபாடு மிகத் தொன்மையானது. நாகதீபத்தில் மணியாசனத்துக்காகப் பிணங்கிய இரு நாக அரசரை மகாவம்சம் கூறும். நாகர்கோவிலிலும் புளியம்பொக்கணையிலும் நாகதம்பிரான் கோயில் கொண்டுள்ளார். நயினாதீவு நாகபூஷணி அம்பாளுக்குப் பூக் கொண்டு கடலில் நீந்திய நாகத்தைக் கருடன் வழிமறித்த கதையையும், அங்குள்ள பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் அறியாதார் இல்லை. நாகம் நன்றாக நீந்தும். கரையோரத்தில் வட்டமிடும் செம்பருந்து சிறு பாம்புகளைத் தூக்கும். கதை சொன்ன முன்னோர் கண்ணாற் கண்டவற்றையும் அதில் வைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் எல்லாக் கதையும் அப்படியல்ல. நாகமும் சாரையும் பிணையும் என்பர். அவற்றின்மேல் வெள்ளைத் துணி போட்டெடுத்தால் செல்வம் சேரும் என்றும் சொல்வர். அவை இரண்டும் வேறு வேறு இனங்கள். முன்னுடலை உயர்த்தி முறுக்கிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் பலம் பார்க்கும் இரு ஆண் சாரைகளே. எலி பிடித்து வயலைக் காக்கும் சாரையை அடிப்பது நமக்கே நட்டம். பாலும் பாம்பின் உணவன்று. நாகம் எலி, தவளை, பிற பாம்புகளை உண்ணும். புற்றுங்கூடக் கறையான் கட்டிய வீடு. பாலை அதன் வாயில் ஊற்றாது பீடத்தில் நிவேதிப்பதே முறை என்பது அடியேன் கருத்து. சிலர் இதற்குக் கோபிக்கக்கூடும்.

யான் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், உறவுக்காரப் பையன் ஒருவன் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தான். நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்றான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். நெற்றியில் விபூதி பூசித் திரும்பவும் படுக்க வைத்தது நான்தான். விடியும்போது அவனால் இமை திறக்க முடியவில்லை. எச்சிலும் விழுங்க முடியவில்லை. பாயை உதறியபோதுதான் கருமேனியில் மெல்லிய வெண்கோடுகளுடன் கட்டுவிரியன் கிடந்தது. பல நாள் இயந்திரத்தின் உதவியால் மூச்சுவிட்டுப் பிழைத்தான். கட்டுவிரியன் இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். அதன் கடியில் நோவும் வீக்கமும் அரிது, பல்தடமும் தெரியாமலிருக்கலாம். விஷமோ நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும்.

விபூதி பூசட்டும், நேர்த்தியும் வைக்கட்டும். ஆனால் அது வாகனம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே நடக்கட்டும். கடிவாயைக் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது; கடிபட்டவரை நடக்கவும் விடக்கூடாது. விஷமுறிவு ஊசி அரசாங்க வைத்தியசாலைகளிலேயே உண்டு.

திருவிழாக் காலத்தில் எமது மடத்தில் அடியார் பலர் நிலத்திலேயே படுக்கின்றனர். பாயின் கீழ் நன்றாகச் செருகிய நுளம்புவலை கட்டுவிரியனையும் தடுக்கும். இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு முன் மடத்துக்கு இருபது வலைகள் வாங்க எண்ணியுள்ளோம். உபயம் செய்ய விரும்புவோர் பரிபாலன சபையினரிடம் தெரிவிக்கலாம்.