ஓவன் சூடேறவில்லையா? காயிலை மாற்றும் முன்...

"சூடே ஏறலை சார்" என்று வாடிக்கையாளர் சொன்னதுமே பையிலிருந்து புது ஹீட்டர் காயிலை எடுப்பது, சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பழக்கம். நல்ல காயில் குப்பைக்குப் போகும், பழுது அப்படியே இருக்கும், பணமும் கை மாறியிருக்கும். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

முதலில் கேளுங்கள்: கரன்ட் போய் வந்ததா? டிஜிட்டல் கடிகாரம் உள்ள பல ஓவன்கள், மின்வெட்டுக்குப் பின் நேரத்தை மறுபடி வைத்தால்தான் சூடேறும். ஓடிஜி என்றால் டைமர் பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள்.

விளக்கு எரிந்தால் சப்ளை சரி என்று முடிவு கட்டாதீர்கள். பேக்கரியின் மூன்று ஃபேஸ் டெக் ஓவனில் ஒரு ஃபேஸ் போனாலும் விளக்கு எரியலாம். சில காயில்கள் மட்டும் சுடும். "பன்னு ஒரு பக்கம் வெளுத்து வருது" என்று மாஸ்டர் சொன்னால், அது நல்ல துப்பு.

கழற்றும் முன் பிளக்கை உருவுங்கள்; கடையில் பிரேக்கரை அணைத்துப் பூட்டி, அட்டை தொங்கவிடுங்கள். மீட்டரைக் கரன்ட் உள்ள பாயின்ட்டில் சோதித்து, ஓவனில் வைத்து, மறுபடி அதே பாயின்ட்டில் சோதியுங்கள். டெஸ்டரை மட்டும் நம்பவே கூடாது. நியூட்ரல் விட்டுப்போயிருந்தால் காயிலின் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரியும், சூடு மட்டும் வராது.

காயிலின் ஒரு முனை வயரைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். 230 வோல்ட், 2,000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். காட்டினால் அதை விட்டுவிட்டு தெர்மோஸ்டாட், செலக்டர் ஸ்விட்ச், தெர்மல் கட்-அவுட் என்று வரிசையாகப் போங்கள். காயில் முனையில் லக் கருகியிருப்பதும் சகஜம். வெட்டி, புது லக் போட்டு, சூடு தாங்கும் வயரே இழுங்கள். சாதாரண பிவிசி வயர் உருகிவிடும்.

கட்-அவுட் அறுந்திருந்தால் வயரை நேராக இணைத்துக் கொடுத்துவிட்டு வராதீர்கள். தீப்பிடிப்பதைத் தடுக்க வேறு எதுவும் இருக்காது. குளிர்விக்கும் ஃபேன் ஓடுகிறதா, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதா என்று காரணத்தைத் தேடுங்கள்.

மூடிய பின் 200 டிகிரி வைத்து, தெர்மோஸ்டாட் ஒருமுறை கட்டாகி மறுபடி பிடிக்கும்வரை நின்று பாருங்கள். அளந்த ஓமை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.