கேள்வி நோட்டு: ஊரின் மின்சாதனச் சந்தேகங்களும் ஒன்பதாம் வகுப்பு அறிவியலும்

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் ஒரு நோட்டு இருக்கிறது. அட்டையில் ‘கேள்வி நோட்டு’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கும். ஊரில் யாருக்காவது செல்போன், டிவி, கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் பற்றிச் சந்தேகம் இருந்தால் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எல்லோரும் சேர்ந்து விடை தேடுவோம். திங்கட்கிழமைக்குள் விடை கேட்டவர் வீட்டுக்குப் போய்விடும். இரண்டு ஆண்டுகளாக இது நடக்கிறது. அறிவியல் கற்பிக்கும் சக ஆசிரியர்களுக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

இப்படி ஒரு நோட்டு இல்லாவிட்டாலும் ஊர் நம் பிள்ளைகளைத்தான் கேட்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் போனில் எழுத்து சிறிதாகத் தெரிந்தால், “ஏம்மா, இதைப் பெரிசு பண்ணிக் கொடு” என்று கூப்பிடுவது எட்டாவது படிக்கும் பேத்தியைத்தான். அவளும் எதையோ தொட்டுச் சரிசெய்துவிடுவாள். எப்படிச் சரியானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த ‘எப்படி’ நம்முடைய பாடம்.

முதல் இரண்டு வாரம் விடையே தேடவில்லை. கேள்வி எழுதத்தான் பழகினோம். “போன் ஓடல டீச்சர்” என்பதை நோட்டில் ஏற்பதில்லை. என்ன சாதனம், சரியாக என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, அதற்கு முன்னால் என்ன மாறியது என்ற நான்கையும் கேட்டு எழுத வேண்டும். நான்காவதில்தான் பெரும்பாலும் விடை ஒளிந்திருக்கும். ‘டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை’ என்று ஒரு கேள்வி வந்தது. முந்தின நாள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்களாம், டிவியை நகர்த்தினார்களாம். பின்னால் மஞ்சள் ஒயர் கழன்றிருந்தது.

அடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. சார்ஜ் ஏறாத போனில் சந்தேகப்பட நான்கு இடங்கள் உண்டு: சுவர் பிளக், அடாப்டர், கேபிள், போன். நன்றாக வேலை செய்வதாக நமக்குத் தெரிந்த ஒரு கேபிளை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஏறவில்லையா, பழைய கேபிளையே திரும்பப் போட்டுவிட்டு அடாப்டரை மாற்ற வேண்டும். நான்கையும் ஒரே மூச்சில் மாற்றினால் சார்ஜ் ஏறும். ஆனால் எது பழுது என்று தெரியாது, நல்ல அடாப்டரும் குப்பைக்குப் போகும். சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் படிப்பதை என் மாணவர்கள் சார்ஜர் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் போனின் சார்ஜ் துளையில் பஞ்சும் தூசும் அடைத்துக்கொள்வது ஐந்தாவது காரணம். எங்கள் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணன் ஒருநாள் பள்ளிக்கு வந்து, போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் அதை மெதுவாக எடுத்துக் காட்டினார். ஊசியோ குண்டூசியோ கூடவே கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒரு பழைய கம்ப்யூட்டர் பற்றியது. ஒரு மாணவனின் அக்கா வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்றே வருகிறது. வைரஸ் என்றார்கள் சிலர். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றது ஒரு கடை. அதில் அக்காவின் கல்லூரிப் படங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாம் இருந்தன. விண்ணப்பிக்க நான்கு நாள்தான் பாக்கி.

வகுப்பில் ஒரு மாணவி, “மூலையில் தேதி என்ன காட்டுது?” என்று கேட்டாள். மறுநாள் பதில் வந்தது. பத்து ஆண்டுக்கும் முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியைக் காட்டியதாம். தினமும் அணைத்துப் போடும்போது அங்கேயே திரும்பிவிடுகிறதாம்.

காரணத்தைப் படிப்படியாகக் கரும்பலகையில் எழுதினோம். பாதுகாப்பான ஒவ்வோர் இணையதளமும் தன்னை அடையாளம் காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். நம் கம்ப்யூட்டர் அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிடும். கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் நின்றால் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று ஆகிறது, உடனே எச்சரிக்கை. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரத்தை ஓட வைப்பது உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. அன்றே தேதியை மட்டும் சரிசெய்தார்கள், தளம் திறந்தது, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பேட்டரியைப் பிறகு பழுது பார்ப்பவர் மாற்றினார். கழற்றிய பழைய பேட்டரியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து மல்டிமீட்டரில் பார்த்தோம். 3 வோல்ட்டுக்கு வெகு கீழே காட்டியது. மின்னழுத்த வேறுபாடு பற்றி அன்று நான் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

கணக்குப் பாடவேளையையும் சில கேள்விகள் பிடித்துக்கொள்ளும். ‘32 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன், 29.8 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா?’ ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஒரு ஜிபி என்பதை 10⁹ பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணிக்கையை ஒரு ஜிபி என்கிறது. 32 × 10⁹-ஐ 1024 × 1024 × 1024-ஆல் வகுத்தால் 29.8 வரும். அடுக்குக்குறி எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகள் இந்த வகுத்தலைப் போட்டியாகப் போட்டார்கள்.

‘10,000 எம்ஏஎச் பவர்பேங்க், 5,000 எம்ஏஎச் போனை ஏன் இரண்டு முறை நிரப்புவதில்லை?’ என்பது இன்னொன்று. எம்ஏஎச் மின்னூட்டத்தின் அளவு. ஆற்றல் வேண்டுமானால் மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும். பவர்பேங்க் உள்ளே 3.7 வோல்ட் என்றால் 37 வாட்-மணி. போன் பேட்டரி 3.85 வோல்ட் என்றால் 19.25 வாட்-மணி. வகுத்தாலே இரண்டுக்குச் சற்றுக் குறைகிறது. பவர்பேங்க் 5 வோல்ட்டாக உயர்த்தித் தருகிறது, போன் அதைத் திரும்பக் குறைத்து ஏற்றுகிறது. இரண்டிலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். தொட்டுப் பார்த்தாலே சூடு தெரியும். ஒன்றரை முறைக்கு மேல் கொஞ்சம் கிடைத்தால் நல்ல பவர்பேங்க் என்று விடை எழுதினோம்.

மின்கட்டணக் கேள்விகள் வராத மாதம் இல்லை. ரிமோட்டில் அணைத்துவிட்டு சுவிட்சை நிறுத்தாமல் விட்டால் கரண்ட் ஆகுமா? ஆகும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. இன்றைய டிவிகள் காத்திருக்கும் நிலையில் அரை வாட் அளவுக்கே எடுக்கும். நாளுக்கு 18 மணி நேரம், 60 நாள் என்றால் சுமார் அரை யூனிட். அதே நேரம் பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் எடுத்துக்கொண்டிருந்தால் 10.8 யூனிட். வீட்டில் திட்டு வாங்குவது எப்போதும் டிவிதான்.

எதைத் தொடக்கூடாது என்பது நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்கிறது. திருகாணி கழற்றக் கூடாது. பழைய குடுவை டிவிகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். உப்பிய போன் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. ‘எங்களுக்குத் தெரியவில்லை, பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்’ என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான். இதை ஏற்க என் கெட்டிக்கார மாணவர்களுக்குத்தான் அதிக நாள் ஆனது.

இன்னொரு விதியும் உண்டு: போன் அதற்கு உரியவர் கையிலேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் சொல்லலாம், தொடுவது அவர்கள் விரலாக இருக்க வேண்டும். ரகசிய எண்ணைக் கேட்கவும் கூடாது, சொன்னால் காதில் வாங்கவும் கூடாது. படிக்கத் தெரியாத அப்பாவின் போனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாங்கி எல்லாவற்றையும் தானே செய்வது உதவி மாதிரி தெரியும். ஆனால் அந்த அப்பா அடுத்த முறையும் போனை நீட்டிக்கொண்டுதான் நிற்பார்.

இந்த விதி எவ்வளவு தேவை என்பது சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி நோட்டோடு ஓடிவந்தாள். பாட்டிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது: கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். “கூப்பிடலாமான்னு பாட்டி கேட்கச் சொன்னாங்க டீச்சர்.” பாட்டியின் கணக்கில் இருந்தது சில மாத முதியோர் உதவித்தொகை. அந்த எண்ணில் பேசுபவர் ஒரு செயலியைப் போடச் சொல்வார்; போட்டால் நம் திரை அவருக்குத் தெரியும்; பிறகு நாம் தட்டும் ரகசிய எண்ணும் தெரியும். கூப்பிட வேண்டாம், மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். பில் போன வாரமே கட்டியாகிவிட்டது.

அன்றிலிருந்து பணம் சம்பந்தப்பட்ட கேள்வி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. நோட்டின் பின் அட்டையில் 1930 என்று பெரிதாக எழுதி ஒட்டினோம். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய இணையக் குற்ற உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை என்ற ஒரு வரியையும் சேர்த்தோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மாணவர்களே இதை வாசித்தபோது, ஓர் அம்மா எழுந்து, “இதை எங்க நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கும் வந்து சொல்லுங்க” என்றார். போனோம்.

தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு ஒரு நோட்டும் வாரம் ஒரு பாடவேளையும் போதும். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. கேட்டவர் பெயரை எழுத வேண்டாம். ‘ஒரு பாட்டி’, ‘ஒரு கடைக்காரர்’ என்று போட்டால் கூச்சமில்லாமல் கேட்பார்கள். விடை வேலை செய்ததா என்பதற்கு ஒரு பத்தி விடுங்கள், அதை நிரப்பாமல் கேள்வியை மூட விடாதீர்கள்.

இந்த வாரம் எங்கள் நோட்டில் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. வைஃபை பெட்டி இருக்கும் அறையைத் தாண்டி அடுக்களைக்கு ஏன் சிக்னல் வருவதில்லை? இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் மின்விசிறி ஏன் இரைகிறது? இரண்டாவதற்குப் பத்தாம் வகுப்பு அண்ணன்களையும் கூப்பிட்டிருக்கிறோம்.