கணுக்கால் மூட்டுநோக்குச் சிகிச்சையில் இறுக்குபட்டி வேண்டுமா?

உதைபந்தாட்டத்திற் பல்லாண்டு ஈடுபட்டோர் சிலருக்குக் கணுக்காலின் முன்புறத்தே சிறு எலும்பு முனைகள் வளர்ந்து, பாதத்தை மேல்நோக்கி மடக்குந்தோறும் நோவை விளைப்பதுண்டு. வைத்தியர் இதனை 'உதைபந்தாட்டக்காரர் கணுக்கால்' என்றே வழங்குவர். எம் பழைய மாணவருள்ளும் இந்நோவை அறிந்தார் இருத்தல் கூடும். இன்று இம்முனைகளை அகற்றுதற்கு மூட்டை அகலத் திறக்கவேண்டியதில்லை. சிறு துளைகள் இரண்டு போதும். ஒன்றன் வழியே 4 மில்லிமீற்றரோ அதனினுங் குறைந்த பருமனோ உடைய நோக்குகுழலும், மற்றதன் வழியே கருவியும் செல்லும். ஆத்திரொஸ்கொப்பி எனப்படுவது இதுவே.

யப்பானிய அறிஞர் தக்காகி 1918இல் இறந்தார் ஒருவரின் முழங்காலுட் குழல் செலுத்திப் பார்த்தார். 1931இல் அமெரிக்கரான பேர்மன், கணுக்கால் மிக ஒடுங்கியதாகலின் இம்முறைக்கு ஏலாது எனத் துணிந்தார். அத்துணிபு நிலைக்கவில்லை. 1972இல் வத்தனபே 28 கணுக்கால்களை நோக்கிய செய்தியை வெளியிட்டார்.

இச்சிகிச்சையின்போது தொடையிலே பட்டி கட்டிக் காற்றடைத்துக் குருதியோட்டத்தை நிறுத்துதல் நெடுநாள் வழக்கம். அது வேண்டியதுதானா என்பதே ஈண்டு எம் வினா. தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் நகைக்கலாம். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1867இலேயே 'இரண வைத்தியம்' என்னும் சத்திரவைத்திய நூலைத் தமிழில் வெளியிட்டார் என்பதை அவர்க்கு நினைவூட்டி மேற்செல்வோம்.

இறுக்குபட்டி, அங்கத்தை வெட்டியெடுக்கும் கொடிய சிகிச்சையோடு வளர்ந்த கருவி. பிரெஞ்சுக்காரரான பெற்றி 1718இல் திருகாணி பொருத்திய பட்டியை அமைத்தார். செருமானியரான எஸ்மார்க் 1873இல் இறப்பர்ப் பட்டியைப் பரப்பினார். அமெரிக்கரான குஷிங் 1904இற் காற்றடைத்த பட்டியைக் கொணர்ந்தார். ஆங்கெல்லாம் காக்கப்பட்டது உயிர். கணுக்காலிலோ காக்கப்படுவது காட்சித் தெளிவு மாத்திரமே. குருதி கலந்தால் திரை சிவந்து, எலும்பு எது, சவ்வு எது எனத் தெரியாது போம்.

ஆயின் மூட்டினுள் இடையறாது உப்புநீர் செலுத்தப்படுகின்றது என்பதை மறத்தலாகாது. நீர்ப்பையை உயரத் தூக்குதலாலோ பம்பியாலோ அந்நீர் அழுத்தம் பெறுகின்றது. மூட்டின் உட்சவ்விலே அறுபடுவன பெரும்பாலும் நுண்குழாய்கள். வெளியேயுள்ள நீரின் அழுத்தம் குழாயினுட் குருதியின் அழுத்தத்தை மிஞ்சுமாயின் குருதி வெளிவராது. சிறிது வரினும் நீரோட்டம் அதனை அடித்துச் செல்லும். ஆகவே, தொடையிற் பட்டி செய்யுந் தொழிலை மூட்டினுள் நீரே பெரிதுஞ் செய்துவிடுகின்றது. அழுத்தத்தை அளவின்றிக் கூட்டினால் நீர் சுற்றுத் தசைகளிற் புகுந்து கால் வீங்கும். அது வேறு கேடு.

பட்டியினால் வருந் தீங்குகளும் உள. அதன்கீழ்த் தசையும் நரம்பும் நசியும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேற் கட்டிவைத்தல் தகாது என்பது பொதுவிதி. கணுக்காலை மாத்திரம் விறைக்கச் செய்யும்போது, நோயாளி தொடை நோவைத் தாங்கமாட்டார். காற்றை இறக்காது துளையை மூடினாலோ, குருதி கசியும் இடம் மறைந்தே நின்றுவிடும்.

2014இல் இங்கிலாந்திலும் 2017இற் குரோசியாவிலும் வெளிவந்த ஆய்வுகள் காற்றடைத்தோரையும் அடையாதோரையும் ஒப்பிட்டன. குரோசிய ஆய்வில் 50 பேரைக் குலுக்கற்முறையிற் பிரித்தனர். சிகிச்சைக்கு எடுத்த நேரத்திற் பெருவேறுபாடு காணப்படவில்லை. காற்றடையாதோர் மிக விரைந்து தேறினர் என்றுங் கூறுவதற்கில்லை. பட்டியை அடியோடு பழிப்பார் இதனையுங் கருதுக.

எம் மதிப்பீட்டில், கணுக்காலின் முன்புறச் சிகிச்சைக்குப் பட்டியை வழக்கமாய் இறுக்கவேண்டியதில்லை. தொடையிற் சுற்றிவைத்தல் தகும். நீரின் அழுத்தத்தைச் சீர்செய்த பின்னுங் குருதி காட்சியை மறைத்தால், அப்பொழுது காற்றடைத்துக் கொள்ளலாம்.